ஒரே கைகுலுக்கலில் பிறந்த இரு உழவு இயந்திரங்கள்

ஐக்கிய அமெரிக்காவிலே நூறு ஏக்கர் நிலமுடைய கமக்காரர் ஒருவர், 1948ஆம் ஆண்டின் இறுதியில், தமது கடைசிச் சோடிக் குதிரைகளை விற்றுவிட்டு உழவு இயந்திரம் ஒன்றை வாங்கப் பட்டினத்துக்குப் போயிருந்தால், அவர் கண்முன்னே இரண்டு இயந்திரங்கள் நின்றிருக்கும். ஒன்று போர்ட் கம்பனியின் 8-என். மற்றது பேர்குசன் கம்பனியின் டி.ஓ. 20. இரண்டும் சிறியவை; இரண்டும் சாம்பல் நிறத்தவை. போர்ட் இயந்திரத்தின் அடிப்பாகம் மாத்திரம் சிவப்பு. இரண்டிலும் நான்கு சிலிண்டர் எஞ்சின். சிலிண்டரின் குறுக்களவும் பிஸ்டன் ஓடும் நீளமும் இரண்டிலும் ஒன்றே. ஆகவே கொள்ளளவும் 120 கன அங்குலமாக ஒத்திருந்தது. இரண்டும் நான்கு கியரில் முன்னோக்கி ஓடின. இரண்டின் பின்புறத்திலும் கலப்பையைத் தாங்கும் மூன்று இணைப்புக் கம்பிகள் ஒரே அமைப்பில் நீண்டு நின்றன. ஒன்றுக்கெனச் செய்த கலப்பையை மற்றதிற் பூட்டினால் அது மறுக்காமற் பொருந்தியது.

இரண்டு விற்பனையாளரும் தத்தம் இயந்திரமே உண்மையானது, மற்றது அதன் சாயல் என்றார்கள். வியப்பு யாதெனில், இருவர் சொன்னதிலும் ஓரளவு உண்மை இருந்தது.

இத்தெரிவு விளையாட்டான காரியமன்று. பல விளைச்சலின் மிச்சத்தைக் கொட்டி வாங்கும் பொருள் அது. கோதுமைச் சமவெளிகளில் உழுவதற்கென்றே பேரியந்திரங்கள் இருந்தன. சிறு கமக்காரனுக்கோ ஒரே இயந்திரம் எல்லாவற்றையும் செய்ய வேண்டும். உழவேண்டும், பரம்படிக்க வேண்டும், வைக்கோற் புல்லை வெட்டவேண்டும், வண்டி இழுக்க வேண்டும், வாரைப் பூட்டி அரிவாலையை ஓட்டவேண்டும், வீட்டுக்குச் செல்லும் பாதையைச் செப்பனிட வேண்டும், மாரியிலே பனியை ஒதுக்கவேண்டும். குதிரைகள் போனபின் பண்ணையின் கைகால் அதுவே. பிழையானதை வாங்கிவிட்டால், அடுத்த பத்து ஆண்டுகளுக்கு அந்தப் பிழையின் மீதே அமர்ந்து உழவேண்டியதுதான்.

விற்பவன் வாய்ச்சொல்லை நம்பிக் கெட்ட அனுபவம் அமெரிக்கக் கமக்காரருக்கு முன்னரே உண்டு. மினியாபொலிஸ் நகரக் கம்பனி ஒன்று, ஹென்றி போர்ட்டுடன் யாதொரு தொடர்பும் இல்லாமலே, போர்ட் என்ற பெயரிட்டு உழவு இயந்திரம் விற்றது. அதை வாங்கி ஏமாந்தவர்களுள் நெப்ராஸ்கா மாநிலத்து வில்மொட் குரோசியர் என்பவரும் ஒருவர். அவர் கமக்காரர் மாத்திரமல்லர், மாநிலச் சட்டசபை உறுப்பினருமாவர். அரச பல்கலைக்கழகத்திற் சோதிக்கப்படாத எந்த உழவு இயந்திரமும் அம்மாநிலத்தில் விற்கப்படலாகாது என்ற சட்டம் 1919இல் நிறைவேறியது அவருடைய முயற்சியாலேதான். அடுத்த ஆண்டு முதல் லிங்கன் நகரத்திற் சோதனைகள் நடந்தன. போர்ட்டும் பேர்குசனும் அங்கே சோதிக்கப்பட்டவையே. ஆனால், இழுவலுவும் எரிபொருட் செலவும் எவ்வளவு என்பதைச் சோதனைச்சாலை சொல்லும். இந்த இரண்டின் வேறுபாடு அந்தக் கணக்குக்கு அப்பாலும் சென்றது. அதை அறிய அவற்றின் பிறப்பைச் சற்றே பார்க்கவேண்டும்.

ஹென்றி போர்ட் 1917இல் போர்ட்சன் என்னும் உழவு இயந்திரத்தைப் பெருந்தொகையாகச் செய்யத் தொடங்கினார். 1922இல் அதன் விலை 395 டொலருக்கு இறங்கியது. ஏழைக்கும் எட்டிய முதல் இயந்திரம் என்று அதனைச் சொல்லலாம். ஆனால், அதில் ஒரு கொடிய குணமும் இருந்தது. பின்னே சங்கிலியிற் கட்டிய கலப்பையின் கொழு நிலத்துக்குள் மறைந்திருக்கும் பாறையிலோ வேரிலோ சிக்கினால், பின்சில்லுகள் நின்றுபோக, எஞ்சின் இயந்திரத்தின் முன்பாகத்தைத் தூக்கிப் பின்புறமாகக் கவிழ்த்துவிடும். ஓட்டுபவர் அதன் அடியில் நசுங்குவார். இவ்வாறு இறந்த கமக்காரர் பலர்.

இந்தக் குறையைத் தீர்க்கும் வழியைக் கண்டவர் வட அயர்லாந்திலே, டவுன் மாவட்டத்துக் கமக்காரக் குடும்பம் ஒன்றில் 1884இற் பிறந்த ஹரி பேர்குசன். மோட்டார் வண்டி வியாபாரி. 1909ஆம் ஆண்டின் கடைசி நாளிலே தாமே கட்டிய விமானத்தில் ஏறி, அயர்லாந்து மண்ணிலிருந்து முதன்முதற் பறந்தவரும் அவரே. முதலாம் உலகப்போரின்போது, 1917இல், உணவு உற்பத்தியைப் பெருக்க அயர்லாந்திலுள்ள உழவு இயந்திரங்களை மேற்பார்வை செய்யும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. தோட்டந்தோட்டமாகச் சென்ற அவர் ஓர் உண்மையைக் கண்டார். குதிரைக்குப் பின்னாற் கலப்பையைக் கட்டிய வழக்கத்தையே இயந்திரத்துக்கும் பொருத்தியதுதான் தவறு. இயந்திரமும் கலப்பையும் ஒரே உடலாக வேண்டும் என்பதே அது. அவரும் அவருடைய துணைவர் வில்லி சான்ட்ஸ் முதலியோரும் இதற்காகப் பல ஆண்டுகள் உழைத்தனர்.

அவர்கள் கண்ட முறையை விளங்கிக்கொள்ள எருது பூட்டி உழுதவருக்கு அதிக சிரமம் இராது. மேழியைப் பிடித்து நடப்பவன் வெறுமனே நடப்பதில்லை. மண் இறுகிக் கொழு ஆழ்ந்துபோகுமிடத்தில் அவன் கை மேழியைச் சற்றே தளர்த்தும். இளகிய மண்ணில் அழுத்தும். எருதின் இழுப்பும் சாலின் ஆழமும் அந்த மணிக்கட்டிலேதான் சமப்படுகின்றன. பேர்குசன் இயந்திரத்தின் பின்னால் கீழே இரு கம்பிகளையும் மேலே ஒரு கம்பியையும் வைத்தார். கீழ்க்கம்பிகள் கலப்பையை இழுக்கும். மண் எதிர்க்கும்போது கலப்பை முன்புறமாகக் கவிழ முயலும். அந்த முயற்சி மேற்கம்பியை இயந்திரத்தை நோக்கித் தள்ளும். அத்தள்ளுகை முன்சில்லுகளை நிலத்தோடு அழுத்துவதால் இயந்திரம் பின்னே கவிழ்வதில்லை. மேற்கம்பியின் தலைப்பில் ஒரு சுருள்வில் உண்டு. எதிர்ப்பு மிகுந்தால் வில் அமுங்கி வால்வு ஒன்றைத் திருப்பும். எண்ணெயின் அமுக்கம் கலப்பையைச் சற்றே உயர்த்தும். எதிர்ப்புக் குறைந்தால் கலப்பை தானாகவே தாழும். உழவனின் மணிக்கட்டு செய்த வேலையை வில்லும் எண்ணெயும் செய்தன.

எடை குறைந்த இயந்திரம் பாரமான கலப்பையை இழுக்க வல்லதானதும் இதனாலேயே. கலப்பையின் பாரமும் மண்ணின் இழுப்பும் பின்சில்லுகளின்மேல் ஏறின. பாறையிற் கொழு மோதினாலோ அந்தப் பாரம் உடனே நீங்கும், சில்லுகள் பிடிப்பிழந்து இருந்த இடத்திலேயே சுழலும், ஆள் பிழைப்பான்.

இம்முறையிலான இயந்திரங்களை 1936 முதல் இங்கிலாந்தில் டேவிட் பிரவுன் செய்தார். ஆயிரத்துச் சொச்சம் மாத்திரமே வெளிவந்தன. 1938 ஒக்டோபரில் பேர்குசன் அவற்றில் ஒன்றைக் கப்பலேற்றிக்கொண்டு அமெரிக்கா சென்று, டியர்போர்னில் ஹென்றி போர்ட்டின் வீட்டு நிலத்தில் உழுதுகாட்டினார். போர்ட்டுக்கு அப்போது வயது 75. முதியவர் ஒரு மேசையையும் இரு கதிரைகளையும் வெளியே கொண்டுவரச் செய்தார். இருவரும் அமர்ந்து பேசினர். போர்ட் இயந்திரத்தைச் செய்து கொடுப்பது, பேர்குசன் அமைப்பை வகுத்து விற்பனையைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. விரும்பிய நாளில் எவரும் விலகலாம். கடதாசியில் ஒரு வரியும் எழுதப்படவில்லை. கைகுலுக்கியதோடு சரி.

1939 யூன் மாதத்தில் 9-என் வெளிவந்தது. விலை 585 டொலர். போர்க்காலத்துத் தட்டுப்பாடுகளினூடேயும், பின்வந்த 2-என்னையும் சேர்த்து, எட்டு ஆண்டுகளில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட இயந்திரங்கள் விற்கப்பட்டன. இத்தனையும் ஒரு கைகுலுக்கலின்மேல் நடந்தன. ஆனால், கைகுலுக்கலுக்கு வாரிசு இல்லை. 1945 செப்டெம்பரில் கம்பனியின் தலைமை பேரரான இரண்டாம் ஹென்றி போர்ட்டின் கைக்கு வந்தது. கணக்கேடுகளைப் புரட்டிய புதிய நிர்வாகம், உழவு இயந்திரத்தால் கம்பனிக்கு நட்டமே என்று கண்டது. செய்வது ஒருவர், விற்பது இன்னொருவர் என்ற ஏற்பாடு 1947இன் நடுப்பகுதியோடு முடியும் என 1946இன் இறுதியில் பேர்குசனுக்கு அறிவிக்கப்பட்டது. விற்பனைக்கென டியர்போர்ன் மோட்டர்ஸ் என்ற புதுக் கம்பனி எழுந்தது. மூத்த ஹென்றி போர்ட் 1947 ஏப்ரிலிற் காலமானார். யூலையில் 8-என் சந்தைக்கு வந்தது. அதன் முதுகிலே பேர்குசனின் மூன்று கம்பிகளும் அப்படியே இருந்தன.

பேர்குசனிடம் விற்பனையாளர்கள் எஞ்சியிருந்தார்கள். விற்கத்தான் பொருள் இல்லை. 1946 முதல் இங்கிலாந்தின் கவென்றி நகரத்தில் ஸ்டான்டர்ட் மோட்டார் கம்பனி அவருக்காக டி.இ. 20 என்னும் இயந்திரத்தைச் செய்துவந்தது. அவற்றைக் கப்பலிலேற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். அது போதாமையால் டெட்ரோயிட் நகரத்தில், போர்ட்டின் கோட்டைவாயிலிலேயே, தொழிற்சாலை ஒன்றைக் கட்டினார். 1948 ஒக்டோபரில் அங்கிருந்து முதலாவது டி.ஓ. 20 வெளிவந்தது. அறுபத்து நான்காவது வயதை எட்டும் ஒருவர் இவ்வளவையும் செய்தார் என்பதைப் பகைவரும் மெச்சத்தான் வேண்டும்.

இனி, அந்தக் கமக்காரர் நின்ற தெருவுக்குத் திரும்பலாம்.

உழவொன்றே அவருடைய தேவையாயின், இரண்டில் எதை வாங்கினாலும் பெரிய வேற்றுமை இல்லை. மண்ணின் எதிர்ப்புக்கு ஏற்பக் கலப்பை உயர்ந்து தாழ்வது இரண்டிற்கும் பொதுவான குணம். வேற்றுமை உழவுக்கு வெளியேதான் தோன்றியது. பாதையைச் சமப்படுத்தும் தகட்டைப் பூட்டியவர் என்ன வேண்டுவார்? தகடு தாம் வைத்த உயரத்திலேயே நிற்க வேண்டும் என்பார். மண்ணின் எதிர்ப்பைக் கண்டு அது தானாக எழுந்து தாழ்ந்தால் பாதை அலையலையாகிவிடும். பாரந்தூக்கும்போதும், மேலோட்டமாகக் களை கிளறும்போதும் அப்படியே. பேர்குசனின் இயந்திரத்திற்கு எதிர்ப்பை உணர மாத்திரமே தெரிந்தது. ஓர் உயரத்தில் அசையாது நிற்கத் தெரியவில்லை. அதை வைத்திருந்தவர்கள் சங்கிலி கட்டியோ, கருவியிற் சிறு சில்லுப் பூட்டியோ சமாளித்தார்கள். போர்ட்டின் 8-என்னில் ஆசனத்தருகே ஒரு சிறு நெம்புகோல் சேர்க்கப்பட்டிருந்தது. அதை ஒரு பக்கம் தள்ளினால் பேர்குசனின் பழைய முறை. மறுபக்கம் தள்ளினால் கருவி வைத்த உயரத்தில் நிற்கும். விரலளவான இந்தத் துண்டு இரும்பே, உழவோடு வளவு வேலையும் செய்ய வேண்டியவருக்கு, இரு இயந்திரங்களுக்குமிடையே தீர்ப்புச் சொல்லப் போதுமாயிருந்தது.

இரண்டு பிறேக் மிதிகளையும் வலக்காலின் பக்கமாகக் கொண்டுவந்ததும், கால்வைத்து நிற்கப் படித்தட்டு அமைத்ததும் 8-என்னின் வேறு திருத்தங்கள். 9-என்னில் இடப்பக்கச் சில்லின் பிறேக்கும் கிளச்சும் ஒரே காலுக்கு வந்து சேர்ந்திருந்தன. வரப்பு ஓரத்தில் இடப்பக்கமாகத் திரும்பும்போது ஒரு காலால் இரண்டையும் மிதித்துத் தடுமாறியவருக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது விளங்கும். மேசையிலிருந்து வரைபவர்கள் இத்தகைய விடயங்களை எளிதில் அறிவதில்லை.

எஞ்சினில் நிலைமை மறுபுறம் சாய்ந்தது. பேர்குசனின் எஞ்சினில் வால்வுகள் மேலே அமைந்திருந்தன. போர்ட்டினதில் பக்கத்தில் அமைந்திருந்தன. மேல்வால்வு முறை எரிபொருளை நன்கு பயன்படுத்தும். பக்கவால்வு முறை அப்போதே பழையது. ஆனால், போர்ட்டின் எஞ்சின் அதே கம்பனியின் எட்டு சிலிண்டர் மோட்டார் எஞ்சினைப் பாதியாக வெட்டியது போன்றதாகையால் பல உறுப்புகள் இரண்டுக்கும் பொதுவாயிருந்தன. உறுப்பு வேண்டுமாயின் போர்ட் கடை இல்லாத பட்டினம் அமெரிக்காவில் அரிது. அறுவடைக்கு முந்திய நாளில் இயந்திரம் நின்றுவிட்டால், சிறந்த எஞ்சினா, அருகிலுள்ள கடையா என்ற கேள்விக்குக் கமக்காரர் சொல்லும் விடையை ஊகிப்பது கடினமன்று. போர்ட்டிலும் தொல்லைகள் இல்லாமலில்லை. தீப்பொறியைப் பங்கிடும் பெட்டியை எஞ்சினின் முன்முகத்திலே, காற்றாடிக்குப் பின்னே ஒளித்துவைத்திருந்தார்கள். அதைத் தொட்டுத் திருத்தக் கை நுழைவது பெரும்பாடு. 1950இலேதான் அது பக்கத்துக்கு மாற்றப்பட்டது. பேர்குசனின் மூடியோ ஒரே வீச்சில் முன்னே சாய்ந்து எஞ்சின் முழுவதையும் திறந்துகாட்டியது.

ஒரு குறை இருவருக்கும் பொதுவானது. அதை எந்த விற்பனையாளரும் எடுத்துச் சொல்லமாட்டார். கிளச்சை மிதித்தால் இயந்திரத்தோடு பின்புறத்துச் சுழல்தண்டும் நிற்கும். அத்தண்டினால் ஓடும் எண்ணெய்ப் பம்பும் நிற்கும். ஆகவே வண்டியை நிறுத்தி வைத்துக் கருவியை உயர்த்த முடியாது. பாரமான சுழல்வெட்டியைப் பூட்டிப் புல் வெட்டும்போது இன்னொரு தீங்கும் நேரும். கிளச்சை மிதித்த பின்னரும் வேகத்திற் சுழலும் அலகு அதே தண்டின் வழியாகச் சில்லுகளை உந்தி, இயந்திரத்தை வேலிக்குள்ளோ கிடங்குக்குள்ளோ கொண்டுபோகும். இதைத் தடுக்க ஒருபுறம் மாத்திரம் பற்றும் இணைப்பு ஒன்றைத் தண்டிற் பூட்டவேண்டும். இன்றும் இந்த இயந்திரங்களை வைத்திருப்பவர்கள் புதிதாக வாங்குபவருக்குச் சொல்லும் முதற் புத்திமதி இதுவே.

தெருவில் இந்தத் தெரிவு நடந்துகொண்டிருக்க, நியூயோர்க் நீதிமன்றத்தில் வேறொன்று நடந்தது. 1948 ஜனவரியில் பேர்குசன் போர்ட் கம்பனியின்மேல் வழக்குத் தொடுத்தார். தமது காப்புரிமைகளை மீறினர், தமது வியாபாரத்தை அழிக்கச் சதிசெய்தனர் என்பன குற்றச்சாட்டுகள். கேட்ட நட்டஈடு 25 கோடியே 10 இலட்சம் டொலர்; பின்னர் அது 34 கோடியாக உயர்ந்தது. எழுதாத ஒப்பந்தம் ஒன்றை நிரூபிக்க மலைமலையாகக் காகிதங்கள் குவிந்தன. கடைசியில் 1952 ஏப்ரிலில் இரு திறத்தாரும் சமாதானமாயினர். பேர்குசனுக்குக் கிடைத்தது 92 இலட்சத்து 50 ஆயிரம் டொலர். கேட்டதோடு ஒப்பிட்டாற் சொற்பமே. வழக்கு நடந்த காலத்தில் அவருடைய விற்பனை வளர்ந்தது என்பதும் அழிவு என்ற வாதத்தை மெலியச் செய்தது. ஆயினும், கண்டுபிடித்தவரின் உரிமையைப் பெருங்கம்பனி பணங்கொடுத்து ஏற்றுக்கொண்டது என்பதிலே அவருக்கு மனநிறைவு இருந்தது.

கமத்துக்கு இவ்வழக்காற் கிடைத்த பயன் எதிர்பாராதது. பேர்குசன் வகுத்த பம்பு அமைப்பைக் குறித்த காலத்துக்குப்பின் போர்ட் பயன்படுத்தலாகாது என்பது சமாதானத்தின் ஒரு நிபந்தனை. வேறு வழியின்றிப் போர்ட் பொறியியலாளர் எஞ்சினாலேயே ஓடும் பம்பு ஒன்றை அமைத்தார்கள். 1953இல் வெளிவந்த என்.ஏ.ஏ. என்னும் புது இயந்திரத்திற் கிளச்சை மிதித்தாலும் கருவி உயர்ந்தது. முந்திய இரண்டிலும் இருந்த குறையொன்று நீதிமன்றத்தின் வாயிலாக நீங்கியது.

எண்ணிக்கையை நோக்கினால், அமெரிக்கக் கமக்காரரின் தீர்ப்பு ஐயமற்றது. 1952 வரை ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட 8-என்கள் செய்யப்பட்டன. டெட்ரோயிட்டின் டி.ஓ. 20 அதில் ஒரு சிறு பங்கே. ஆனால், கவென்றியில் 1956 வரை செய்யப்பட்ட டி.இ. 20களும் ஐந்து இலட்சத்தைத் தாண்டின. பிரித்தானியாவிலும் கடல்கடந்த நாடுகளிலும் சிறு கமக்காரர் அறிந்த சாம்பல் நிற இயந்திரம் அதுவே. சேர் எட்மண்ட் ஹிலரி 1958 ஜனவரி 4ஆம் நாள் தென்துருவத்தை அடைந்ததும் இவ்வியந்திரங்களின் மேலேதான்.

பேர்குசன் 1953இல் தமது கம்பனியைக் கனடாவின் மெசி ஹரிஸ் கம்பனியோடு இணைத்தார். விலையில் எஞ்சிய பத்து இலட்சம் டொலர் வித்தியாசத்தை நாணயஞ் சுண்டித் தீர்த்து, அதில் அவர் தோற்றார் என்பது வரலாறு. ஒப்பந்தங்களை அவர் நடத்திய முறை கடைசிவரை மாறவேயில்லை. 1960 ஒக்டோபரில் அவர் மறைந்தார். அவர் பெயரைத் தாங்கிய மெசி பேர்குசன், சிவப்பு நிறம் பூண்டு, 35 என்றும் 135 என்றும் இலக்கமிட்டு, இலங்கையின் நெல்வயல்களுக்கும் வந்து சேர்ந்தது. சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே நிறுவனமும் அதே வழிவந்த இயந்திரங்களைச் செய்தது.

காப்புரிமைகள் காலாவதியானபின் ஏனைய கம்பனிகளும் மூன்று கம்பி அமைப்பையே கைக்கொண்டன. கம்பிகளின் இடைவெளியும் ஆணிகளின் பருமனும் உலகப் பொதுநியமமாக வகுக்கப்பட்டன. வன்னியில் ஒரு கமக்காரர் அயலாரின் சட்டிக் கலப்பையை இரவல் வாங்கி, வேறு கம்பனியின் இயந்திரத்திற் பூட்டி, மூன்று ஆணிகளைச் செருகிவிட்டுப் புறப்படுகிறார். அமெரிக்காவிலோ எழுபது வயதைத் தாண்டிய 8-என்களும் சாம்பல் நிறப் பேர்குசன்களும் இன்னும் கைமாறுகின்றன. வாங்க வருபவர் முதலிற் கேட்பது, பாதைக்கு மண் இழுக்கவா, நிலம் உழவா என்பதைத்தான்.